கவசத்தைக் கடைசியில் வரை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அங்கைலோசாரஸ் என்ற கவச டைனோசரின் எலும்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு சுத்தமாக இருக்கிறது. ஆனால் கவசத்தை, அதாவது தோலில் பதிந்த எலும்புத் தகடுகளையும் முட்களையும், முதலில் வரைந்துவிட்டு எலும்பை அதற்குள் அடைத்திருக்கிறாய். விலா ஒடுங்கி, விலங்கு ஆமைபோல் ஆனது அதனால்தான்.

அங்கைலோசாரஸை இப்போதைக்கு விடு, கண்ணு. பெயர்தான் பெரிது, முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை. 1908இல் அதற்குப் பெயர் வைத்த பார்னம் பிரவுனே, முதுகுக் கவசத்தைப் பலாத்தோல்போல் நெருக்கி வரைந்துவிட்டார். இன்று இடைவெளி விட்டு வரிசையாகத்தான் வரைகிறார்கள். கவசம் கிடந்த இடத்திலேயே பதிந்துபோன புதைபடிவத்தை எடுத்துக்கொள். லண்டனில் இருக்கும் ஸ்கோலோசாரஸ் என்ற கவச டைனோசர் (நோப்சா என்ற ஆய்வாளர் விவரித்தது, 1928) அப்படிப்பட்டது. கனடாவில் 2011இல் ஒரு சுரங்கத்தில் அகப்பட்ட போரியலோபெல்டா என்ற கவச டைனோசரும் அப்படித்தான், ஆனால் அதற்கு முன்பாதி மட்டுமே உண்டு. முதுகில் தகடுகள் நிற்கும் ஸ்டெகோசாரஸ் வேண்டுமென்றால், அதைப் பற்றி ஆய்வாளர் கில்மோர் எழுதிய 1914 நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், படங்கள் அருமை.

பிறர் வரைந்து முடித்த படத்தை அடியில் வைத்து இழுக்காதே. உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். அவருடைய ஊகமும் உன் படத்துக்குள் வந்துவிடும். புதைபடிவத்தை விவரித்த ஆய்வுக் கட்டுரையிலுள்ள அளவு அட்டவணையை நம்பு, படத்தின் அளவுகோலை அதோடு ஒத்துப்பார். அருங்காட்சியகப் புகைப்படத்தில் தலைக்கு அருகே நின்று எடுத்திருந்தால் தலை பெருத்துத் தெரியும்.

5 மீட்டர் விலங்கை 1:15இல் வரைந்தால் 33 செ.மீ. வரும், ஏ3 தாளில் அடங்கும். 45 செ.மீ. எலும்பு 3 செ.மீ. ஆகும். இல்லாத எலும்பை இன்னொரு புதைபடிவத்திலிருந்து கடன் வாங்கும்போது, இரண்டிலும் உள்ள ஒரே எலும்பை ஒப்பிடு: உன்னுடையதில் தொடை எலும்பு 50 செ.மீ., மற்றதில் 40 செ.மீ. என்றால் 1.25ஆல் பெருக்கு. கடன் வாங்கியதைச் சாம்பல் நிறத்தில் காட்டு. இதை மட்டும் ஒருபோதும் மறைக்காதே.

மேல்தோற்றத்தை முதலில் வரை. விலா எலும்புகள் முதுகிலிருந்து ஏறக்குறைய கிடையாகப் புறப்பட்டுப் பிறகுதான் கீழே வளைகின்றன; அந்த அகலம் பக்கத்தோற்றத்தில் தெரியாது. இடுப்பெலும்பும் அப்படியே: மேலிருந்து பார்த்தால் விரிந்த பலகை, பக்கத்திலிருந்து தோசைக்கல்லின் விளிம்புபோல் மெல்லிய பட்டை. நீ அதைச் செங்குத்தாக நிறுத்திவிட்டாய். வால் நுனியில் எலும்புக் குண்டு உள்ள இனமானால் வாலின் பின்பகுதி முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியைப் பாம்புபோல் வளைக்காமல் நேராக இழு.

எலும்பு முடிந்தபின் கவசத்துக்குத் தனி லேயர் போடு. கழுத்தின் மேல் அரைவட்டமாக இருக்கும் கவச வளையத்தில் தொடங்கி, தோள், முதுகு, இடுப்பு என்று பின்னோக்கி வா. எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று வரைபடம் இருக்கிறதோ அதை மட்டும் அழுத்தமாக வரை, மற்றதைப் புள்ளிக்கோட்டில் விடு. பக்கத்தோற்றத்தில் கவசம் எலும்பை மூடிவிடுமே என்று கேட்டிருந்தாய். மூடத்தான் செய்யும். அதனால்தான் கவசத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு படமாகக் கொடுக்க வேண்டும்.

எலும்பைச் சுற்றி உடலைக் காட்டும் கறுப்பு நிழலுருவை எலும்பு முள்ளின் நுனியோடு நிறுத்தாதே. போரியலோபெல்டாவில், நம் நகத்தில் இருப்பதைப் போன்ற கெரட்டின் உறை முள்ளின் மேல் அப்படியே இருக்கிறது. எலும்பைத் தாண்டி அது நீள்கிறது. உயிரோடு இருந்தபோது முள் இன்னும் நீளம்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு வரும்போது மேல்தோற்றத்தை ஏ3இல் அச்சிட்டு எடுத்து வா, அளவு அட்டவணையும் கூடவே. விலா வளைவிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா
ஜெலுத்தோங்