ஓடிப்போனவர் அல்ல என் அக்கா: தங்கும் உரிமை கேட்டு ஒரு திறந்த மடல்

மத்திய வெளியுறவு அமைச்சக அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும், கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடியிலிருந்து வணக்கம்.

துபாய்க்கு விசிட் விசா, அங்கிருந்து காரில் எல்லை தாண்டி ஓமன், இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்ளும் ஏஜென்ட். இந்த வழி உங்களுக்குத் தெரியாததல்ல. லுங்கித் தறிக் கூலி கட்டுப்படியாகாமல், 70,000 ரூபாய் கடன் வாங்கி ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு அப்படித்தான் என் அக்காவும் போனார். போன மாதம், பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்பத் தூதரகம் கொடுக்கும் அவுட்பாஸில் திரும்பி வந்தார். டிக்கெட் எடுத்து அனுப்பி வைத்தீர்கள். அதற்கு எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

ஆனால் அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

ஒரு வீட்டு வேலை என்று சொல்லி மூன்று வீட்டில் வேலை வாங்கினார்கள். ஏழு மாதம் சம்பளம் இல்லை. ஒரு நாள் விடியற்காலை அக்கா வெளியே வந்துவிட்டார். அன்று மத்தியானமே, வேலைக்காரி ஓடிப்போய்விட்டாள் என்று முதலாளி புகார் கொடுத்துவிட்டார். வீட்டு வேலை செய்பவர் அந்த நாட்டில் தங்கும் உரிமை முதலாளியின் பெயரோடு முடிச்சுப் போட்டது. அவர் புகார் கொடுத்தால் போதும், தொழிலாளி கள்ளத்தனமாகத் தங்கியிருப்பவர் ஆகிவிடுகிறார்.

தங்குமிடம் ஒன்றில் நான்கு மாதம் இருந்தார். பல் வலியில் முகம் வீங்கியபோதும் கேட்டைத் தாண்ட பயம், வழியில் போலீஸ்காரர் குடியிருப்பு அட்டையைக் கேட்டால் என்ன செய்வது? சம்பளத்துக்கு வழக்குப் போடலாம் என்றார்கள். எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல ஆள் இல்லை. அதுவரை ஊர்க் கடனுக்கு வட்டி யார் கட்டுவது? கடைசியில், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாக முதலாளி சொன்னார். தாள் அரபியில் இருந்தது. அக்கா தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். போட்டுவிட்டார். ஊருக்கு வந்த பிறகு, பரங்கிப்பேட்டையில் அரபி தெரிந்த ஒரு பெரியவர் அதைப் படித்துச் சொன்னார்: "எனக்கு வர வேண்டிய சம்பளம் முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது." அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். கடத்திக் கொண்டுபோகப்பட்டவர் என்று தெரிந்த உடனே, வழக்கு முடியும்வரை அவர் அங்கே சட்டப்படி தங்கவும் வேலை செய்யவும் தற்காலிக அனுமதி வேண்டும், முதலாளி பெயர் இல்லாத அனுமதி. அதை அந்த அரசிடம் எழுத்து மூலம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

ஆள் கடத்தலுக்கு எதிராக ஐ.நா. 2000இல் கொண்டுவந்த பலேர்மோ நெறிமுறையின் 7ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் தங்குவதற்கு வழி செய்வதைப் பரிசீலிக்கும்படி நாடுகளுக்குச் சொல்கிறது. இந்தியா அதை 2011இல் ஏற்றது. ஓமனும் அதில் இருக்கிறது. அமெரிக்கா இதற்கென்றே டி விசா வைத்திருக்கிறது, நான்கு ஆண்டுவரை தங்கி வேலையும் செய்யலாம். பரிசீலிக்கத்தானே சொல்லியிருக்கிறது, கட்டாயம் இல்லையே என்பீர்கள். சரி, கட்டாயம் இல்லாததால்தான் நாம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. கடத்தி வரப்பட்ட வெளிநாட்டுப் பெண் விசா இல்லாமல் இங்கே பிடிபட்டால், அவர் பாதிக்கப்பட்டவர் என்று விசாரணையில் தெரிந்த பிறகு வெளிநாட்டினர் சட்டத்தில் அவர்மேல் வழக்கு நடத்த வேண்டாம் என்று 2012 மே மாதம் நம் உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. அந்த நியாயத்தை நம் பெண்களுக்காக அடுத்த நாட்டிடம் கேட்க என்ன தயக்கம்?

இங்கே புகார் கொடுக்கப் போன இடத்தில், "சம்மதிச்சுத்தானே போனாங்க?" என்றார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவில், ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று இருக்கிறது. அதை ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண்ணான நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அரசு நிறுவனம் வழியாகப் போயிருக்கலாமே என்றும் கேட்டார்கள். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது, ஏஜென்ட் எங்கள் தெருவுக்கே வருகிறார். கோபத்தில் பேச்சு எங்கேயோ போகிறது, மன்னிக்கவும்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: இனிமேல் ஒரு பெண்ணுக்கு அவுட்பாஸ் எழுதுவதற்கு முன், அங்கே தங்கி வழக்கு நடத்த அவருக்கு அனுமதி கேட்டீர்களா என்பதையும் அந்தக் கோப்பில் எழுதுங்கள். அக்கா வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறார், வீடியோவில் கூப்பிட்டாலும் வருவார். அவர் கைப்பட எழுதிய கணக்கை இதோடு வைத்திருக்கிறேன். மாதம் 80 ரியால், ஏழு மாதத்துக்கு 560 ரியால்.