ஃபோர்க் பைப் 2, டி-ஸ்டெம் 1, பின் ஃபுட்ரெஸ்ட் (இடது) 1

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தத் தாளைப் பெட்டியில் மேலாகவே வைத்திருக்கிறேன். சாமானைப் பிரிக்கிற அவசரத்தில் அட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதே.

கடைப் பையனைத் திட்டாதே. ‘அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்’ என்று நீ சொன்னதை அவன் கடைசி வரைக்கும் காப்பாற்றினான். ஆனால் பழைய ஆர்.எக்ஸ். 100 பைக் சாமான் எல்லாம் மேல் தட்டில் இருக்கிறது, தட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. பாவம், அவன் என்னதான் செய்வான்? லிஸ்ட்டை நீட்டிவிட்டு வெளியே டீ குடிக்கப் போய்விட்டான்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கிடைக்காததையா மதுரையில் கேட்கிறாய் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் புரிந்தது, நல்ல சாமானுக்காகக் கேட்டிருக்கிறாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான். 1996-இல் அந்த வண்டி வருவது நின்றுபோனது. இன்றைக்கு வருகிற முன் ஃபோர்க் பைப் பலதும் யார் செய்ததென்றே தெரியாது. மேலே பளபளவென்று இருக்கும், கிரோம் மெல்லிசு. ஒரு மழைக்காலம் போனால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும், அந்தப் புள்ளி ஆயில் சீலின் உதட்டை அரிக்கும், எண்ணெய் ஒழுகிக் கீழே டிரம்முக்குள் போனால் பிரேக்கும் பிடிக்காது. உனக்கு வைத்திருப்பது அப்பா பழைய ஸ்டாக்கில் எடுத்து வைத்தது. தாளைப் பிரித்து ஷோகேஸ் கண்ணாடி மேல் இரண்டையும் உருட்டிப் பார்த்துவிட்டேன். பின்னால் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன், பைப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எங்கேயும் வெளிச்சம் எட்டிப் பார்க்கவில்லை. கிரீஸ் தடவித் திரும்பச் சுற்றியிருக்கிறேன்.

கவுண்டரில் உட்கார்ந்து பழகியவளுக்கு லிஸ்ட் என்பது எக்ஸ்ரே மாதிரிதான் தம்பி. தேய்ந்துபோன ஃபோர்க்குக்கு வருகிறவன் எப்படி வருவான் தெரியுமா? முதலில் சீல் மட்டும் கேட்பான். பைப்பில் எண்ணெய் வளையம் கட்டுகிறது என்பான். கொஞ்ச நாளில் மறுபடி வருவான், அதே சீல். பிரேக் பிடித்தால் முன்பக்கம் மடக்கென்று இறங்குகிறது, பள்ளத்தில் விழுந்தால் டக்கென்று சத்தம் வருகிறது என்பான். அப்போதும் பைப் வாங்க மனசு வராது, எமரி போட்டுத் தேய்த்துக்கொண்டு போவான். பைப் கேட்பது எல்லாம் கடைசியில்தான். இரண்டு பைப்பையும் சேர்த்துப் பிடிக்கிற டி-ஸ்டெம்மை எவனும் கேட்பதில்லை, அது தேய்கிற சாமான் இல்லை. நீ எடுத்த எடுப்பில் இரண்டு பைப், டி-ஸ்டெம், ஹெட்லைட் காது, கிளட்ச் லீவர், இடது பக்க இண்டிகேட்டர் கேட்டிருக்கிறாய். வலது பக்கத்துச் சைலன்சர் கேட்கவில்லை.

சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. தேய்மானம் என்றே வைத்துக்கொள்வோம்.

அப்பாவிடம் காட்டவில்லை. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஷெட்டுப் பக்கம் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறார். லிஸ்ட்டை வாசித்துக் காட்டினால் போதும், எந்தப் பக்கம், என்ன வேகம், எதில் மோதியது என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுவார். சித்தப்பா விஷயத்துக்கு அப்புறம் அவருக்கு எப்படி என்று உனக்கே தெரியும்.

நீயே மாட்டப் போகிறாயா, மெக்கானிக்கிடம் விடுகிறாயா? மெக்கானிக் என்றால் பழைய பைப்பையே பிரஸ்ஸில் வைத்துப் பெண்டு எடுத்துத் தருகிறேன் என்பான், சம்மதிக்காதே. லேசான வளைவை நிமிர்த்தி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நம் கடைக்கும் வந்திருக்கிறார்கள். ஒரு தடவை மடிந்த இரும்பு மடிந்த இடத்தை மறப்பதில்லை, அங்கேயேதான் விரிசல் விடும். புதுசு அனுப்பியிருக்கிறேன், புதுசையே போடு.

நீயே போடுவதென்றால் சொல்கிறேன். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்து. பழைய டாப் போல்ட்டை, பைப் டி-ஸ்டெம்மில் இறுக்கமாக இருக்கும்போதே இளக்கிவிடு, கழற்றிய பிறகு அதைத் திருப்பப் பிடிமானம் இருக்காது. டி-ஸ்டெம் மாற்றும்போது, ஹேண்டில் திரும்புகிற குண்டுகள் இருக்கிற கோன் செட்டையும் மாற்றிவிடு, பெட்டியில் வைத்திருக்கிறேன், நீ கேட்க மறந்துவிட்டாய். நீ சின்னப் பையனாக இருக்கும்போது அந்தக் குண்டுகளைத்தானே கல்லாவுக்கு அடியில் உட்கார்ந்து சைஸ் பிரித்துக்கொண்டிருப்பாய், எங்களைவிடச் சரியாகப் பிரிப்பாய். இப்போது கம்ப்யூட்டரில் என்னத்தைப் பிரிக்கிறாயோ.

புது பைப் இரண்டும் டி-ஸ்டெம்முக்குள் கையாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சுத்தியலைத் தொடாதே, நிறுத்திவிடு. டேங்கைக் கழற்றி, சேசிஸ் கழுத்தில், வெல்டுக்குப் பக்கத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா பார். வெடித்திருந்தால் ஃபோர்க் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, அந்த வண்டியை ஓட்டவே கூடாது. எத்தனை பேர் அதற்கு விலை கேட்டு வந்தாலும், அப்பா எத்தனை கோபப்பட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். வண்டி போனால் போகட்டும்.

ஆயில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. மெஷரிங் கிளாஸில் அளந்து ஊற்று, கண் மதிப்பில் ஊற்றாதே. ஊற்றியதும் மெதுவாக மேலும் கீழும் இழு, உள்ளே இருக்கிற காற்று வரட்டும். சீல் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் வை. வீலைப் போட்டு ஆக்சிலை லேசாக விட்டு, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி எடு, ஃபோர்க் தன் இடத்துக்கு வரும். பிறகு இறுக்கு. இதையெல்லாம்விட முக்கியம், பிரேக் பிளேட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது பார், அது ஃபோர்க்கில் இருக்கிற கட்டையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவிப் பார். அது உட்காராமல் ஓட்டினால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சுற்றிக் கேபிளை அறுக்கும், வீல் அப்படியே நிற்கும். தடவிப் பார்.

இந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஒற்றைக் கையால் ஆகாது. இப்போதெல்லாம் நீ எழுதி அனுப்புவதில்லை, வாய்ஸ் மெசேஜ்தான் வருகிறது. வீடியோவில் கூப்பிட்டால் நெட் சரியில்லை என்கிறாய். ஆபீஸில் வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய். நீ உட்கார்ந்து சொல்லு, அவர்கள் செய்யட்டும். எலும்பு டாக்டரிடம் காட்டினால் படத்தை எனக்கு அனுப்பு, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். காட்டினால் என்றுதான் சொல்கிறேன்.

ஊரில் எல்லாரும் சௌக்கியம். அத்தை மகளுக்கு வளைகாப்பு, ஆவணியில். மாடித் தண்ணீர்த் தொட்டி மாற்றினோம், அது ஒரு பெரிய கதை, அப்புறம் சொல்கிறேன்.

ஆயில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, மறந்துவிடாதே.

இன்னொன்று. லிஸ்ட்டில் கடைசியாகப் பின் ஃபுட்ரெஸ்ட் இடது பக்கம் ஒன்று என்று இருக்கிறது. நீ தனியாகத்தான் ஆபீஸ் போய் வருகிறாய், யாரையும் ஏற்றுவதில்லை என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். ஆளே ஏறாத ஃபுட்ரெஸ்ட் எப்படித் தேயும் என்று நான் கேட்கப் போவதில்லை. அது யாராக இருந்தாலும் சரி. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே? அதை மட்டும் சொல்லு, பெயரெல்லாம் பிறகு சொன்னால் போதும். பெட்டியின் அடியில் துணி சுற்றி ஒரு ஹெல்மெட் வைத்திருக்கிறேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது, 560 சைஸ். உன் தலைக்கு ஏறாது. கறுப்பும் சிவப்பும்தான் கடையில் இருந்தது, சிவப்பை வைத்தேன். பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன் என்று சொல்லு.

காசு அனுப்பாதே. போன தடவை அனுப்பியதற்கே உன்னோடு சண்டை பாக்கி இருக்கிறது. சொந்தப் பிள்ளையிடம் ஃபோர்க் பைப் விற்று நான் கடை நடத்த வேண்டியதில்லை. ஆனால் பையனிடம் கேட்டாயே, என்னிடம் கேட்டிருக்கலாம். திட்டியிருப்பேன்தான். திட்டிவிட்டு எடுத்து வைத்திருப்பேன்.

கழற்றிய பழைய பைப் இரண்டையும் பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடையில் போட்டுவிடாதே. இதே அட்டைப் பெட்டியில் வைத்து ஆம்னி பஸ்ஸில் திருப்பி அனுப்பு, பார்சல் காசு நான் இங்கே கொடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா