வீட்டு நாய்க்குக் குடற்புழு மருந்தும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாயால் மனிதருக்கு வரும் நோய் என்றதும் நம் பகுதியில் எல்லோரும் தெருநாயையும் வெறிநோயையும் மட்டுமே நினைக்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. அறிகுறி தோன்றிய பிறகு வெறிநோயிலிருந்து பிழைத்தவர் மிக அரிது. ஆனால், நாம் சோறு போட்டு வளர்க்கும் வீட்டு நாயின் குடலில் இருக்கும் புழுக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது, கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

மண்டபம் முதல் தொண்டி வரையிலான கடலோரக் குடியிருப்புகளில் நாயைக் கட்டி வளர்ப்பவர்கள் குறைவு. காலையில் கரைக்குப் போகும் நாய், நாட்டுப்படகுகளை ஏற்றி வைத்திருக்கும் மணலிலேயே மலம் கழிக்கிறது. அதிலுள்ள கொக்கிப்புழு முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மணலில் சில நாள்களில் பொரித்துவிடும். அங்கே வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து நுழையும் இளம்புழு, மனித உடலில் முழுமையாக வளர இயலாமல் தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து திரியும். படகு நிழலில் விளையாடிய ஒரு சிறுவனின் உள்ளங்காலில், சிவப்பு நூலை வளைத்து வளைத்து ஒட்டியதுபோல் அந்தத் தடம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். சொறிமீன் பட்டுவிட்டது என்றெண்ணி வீட்டில் மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்கள். மறுநாள் தடம் இன்னும் சற்று நீண்டிருந்தது. மருத்துவர் தரும் மாத்திரையில் தீரக்கூடிய இந்த அரிப்பைப் பலர் இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

உருளைப்புழு இதைவிடக் கவலைக்குரியது. தாய் நாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிகளுக்கு இப்புழு தொற்றிவிடுகிறது. மலத்தோடு மண்ணில் விழும் முட்டைகள் சில வாரங்களில் நோய் பரப்பும் நிலையை அடைந்து, மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தையின் வயிற்றுக்குள் போகின்றன. அங்கிருந்து புறப்படும் புழு கண்ணை அடைந்தால் பார்வையே பறிபோகலாம்.

ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடையிலும் கிடாவெட்டிலும் நீர்க்கட்டி உள்ள ஈரலையும் நுரையீரலையும் கழிவென்று நாய்க்கு வீசுவது நம்மிடையே சாதாரணம். அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒரு வகை நாடாப்புழுவின் குஞ்சுகள். அவை நாயின் குடலில் வளர்ந்து இடும் முட்டைகள் நாயின் முடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாயைத் தடவிய கையோடு உண்பவரின் ஈரலில் அதே நீர்க்கட்டி பல ஆண்டுகள் வலியில்லாமல் வளர்ந்து, கடைசியில் அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் விடும். சாதாரணக் குடற்புழு மாத்திரை இந்தப் புழுவுக்குப் போதாது, பிராசிகுவாண்டெல் கலந்த மருந்து வேண்டும் என்பதை நாய் வளர்ப்போர் அறிந்திருப்பது அவசியம். மழைக்காலத்தில் தேங்கும் நீரில் கலக்கும் நாயின் சிறுநீராலும் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். அதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு.

இதற்காக நாயை விரட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவில் வலைக்கும் கருவாட்டுக்கும் காவல் இருப்பது அதுதானே. குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போட வேண்டும். வளர்ப்பு நாய்தானே என்று கடியை அலட்சியம் செய்யாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி நடத்தப்படும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களை மீன் இறங்குதளங்களிலும் நடத்தி, அங்கேயே குடற்புழு மருந்தையும் வழங்க வேண்டும். இறைச்சிக் கழிவை ஆழப் புதைப்பதை உள்ளாட்சி அமைப்புகள் கண்டிப்பாக்க வேண்டும். நாயின் எடைக்கேற்பவே மருந்தின் அளவு அமையும் என்பதால், ஒவ்வொரு முகாமிலும் ஓர் எடை இயந்திரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
தங்கச்சிமடம்.