முத்தையாவுக்கு, மே மாதச் சண்டை பற்றி

கோத்தகிரி
மார்கழி 24

அன்புள்ள முத்தையா,

கடிதம் கிடைத்தது. ஓசூரில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய், இங்கே வந்து பார். உறைபனி விழுந்து பள்ளத்துத் தேயிலையெல்லாம் கருகிக் கிடக்கிறது. கொழுந்து வரத்தே இல்லை. விலை இருக்கிற நாளில் கொழுந்து இருக்காது, கொழுந்து இருக்கிற நாளில் விலை இருக்காது, உனக்குத் தெரியாததா? பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நான் நலம், மூட்டுவலி தவிர.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 மே மாதம் 7-ஆம் தேதி பாகிஸ்தானோடு தொடங்கிய சண்டையை 10-ஆம் தேதியே நிறுத்தியிருக்கக் கூடாது, ஒரேயடியாக அடித்து முடித்திருக்க வேண்டும், பேச்சுவார்த்தை என்பது கையாலாகாதவன் வேலை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். டிவியில் இதையே கத்துகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை, அவர்களில் ஒருவனும் எல்லைக்குப் போகப்போவதில்லை. நீ பட்டாளத்தில் போய்வந்தவன். அதனால்தான் உன்னிடம் வாதாடத் தோன்றுகிறது.

மதராஸ் ரெஜிமெண்டின் வெலிங்டன் மைதானத்தில் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்திப் பழகியவன் நீ. அந்த வெலிங்டனுக்குப் பக்கத்திலேயே, குன்னூரில்தான் 1971-இல் தரைப்படைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா ஓய்வுக்காலம் முழுக்க இருந்தார். 2008-இல் காலமானதும் இங்கேதான், அடக்கம் செய்தது ஊட்டியில். அந்த 1971 வங்கதேசப் போரைப் பற்றி நீ பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதில் அவர் முதலில் சொன்ன பதில் என்ன? "இப்போது முடியாது" என்பதுதான். ஏப்ரல் மாதம் இந்திரா காந்தி கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போகச் சொன்னபோது, மழை பிடித்துக்கொண்டால் அங்கே ஆறெல்லாம் கடலாகிவிடும், அறுவடை நேரத்தில் படையை ஏற்றிப்போக ரயில் கிடைக்காது, மலைக் கணவாய்களில் பனி உருகினால் சீனாக்காரன் இறங்கிவரலாம் என்று காரணம் சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார் என்று சிலர் சந்தேகப்படுவதும் உண்டு. இருக்கட்டும், முழுப் போர் டிசம்பரில்தான் தொடங்கியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த எட்டு மாதம் டெல்லி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, முத்தையா. ஒரு கோடி அகதிகள் வந்து குவிந்திருந்தார்கள். ஆகஸ்ட் 9-ஆம் தேதி சோவியத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபர், நவம்பரில் இந்திரா காந்தி மேல்நாட்டுத் தலைநகரங்களுக்கெல்லாம் போய் நிலைமையை எடுத்துச் சொன்னார். நிக்சன் மசியவில்லை, அது வேறு. ஆனால் டிசம்பரில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, உடனே நிறுத்து என்று பாதுகாப்பு சபையில் வந்த தீர்மானங்களை சோவியத் வீட்டோ போட்டுத் தடுத்தது. அந்த வீட்டோ இல்லாமல் உன் ஆட்கள் டாக்கா போய்ச் சேர்ந்திருப்பார்களா? அடித்து முடித்தோம் என்று நீ சொல்கிற அந்த 13 நாளையும் வாங்கிக் கொடுத்தது, நீ கையாலாகாதவன் வேலை என்கிற அதே பேச்சுதான்.

93,000 பாகிஸ்தான் கைதிகளைக் கையில் வைத்துக்கொண்டு 1972 சிம்லா ஒப்பந்தத்தில் கோட்டை விட்டோம் என்பாய். காஷ்மீரை அன்றே முடித்திருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அத்தனை பேரையும் எத்தனை வருஷம் வைத்துச் சோறு போடுவது?

பேசினால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நம் இருவருக்கும் வாய் வராது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் டெல்லியில் உட்கார்ந்து, இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். குண்டு விழவில்லை, நாகரிகமாகத்தான் நடந்தது. தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த ஒருவரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தலைமன்னாரில் கப்பலுக்கு நிற்கும்போது என் அம்மா குடும்ப அட்டையை முந்தானையில் முடிந்து, முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டே நின்றாள். வரிசை நகர்ந்தபோதுகூடக் கையை எடுக்கவில்லை. உன் சித்தி குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. இங்கே வந்தால் நமக்குப் பெயர் சிலோன்காரன்.

ஆனாலும் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பேச முடிந்தது, பார். 1974-இல் மறுபடி பேசி, விட்டுப்போன 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 2003-இல் இலங்கையே சட்டம் போட்டு, நாடற்றவர்களாகக் கிடந்த நம் ஆட்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. கேவலமான தாமதம், ஆனால் நடந்தது. 1987-இல் போன உயிர்களை யாரும் அப்படித் திருப்பித் தரவில்லை.

அந்த வருஷத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா என்று தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். ஜூன் 4-ஆம் தேதி விமானத்தில் போய் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டோம். ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்டார்கள். துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டிய புலிகள் அதில் கையெழுத்தே போடவில்லை. மாப்பிள்ளையைக் கேட்காமல் பத்திரிகை அடித்த கல்யாணம் அது. அமைதி காக்க என்று உங்கள் பட்டாளத்தை இலங்கைக்கு அனுப்பினார்கள், அக்டோபரில் யாருக்காகப் போனீர்களோ அவர்கள் ஊரிலேயே புலிகளோடு சண்டை. நம் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர் போய்விட்டார்கள். அங்கே செத்த ஊர்க்காரர்களை நாம் எண்ணுவதே இல்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பலும் திரும்பியபோது, வரவேற்கப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார் முதலமைச்சர். உனக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் பலர் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தார்கள், நானும் உட்பட.

அதனால் மே மாதம் நாலே நாளில் நின்றது எனக்கு நிம்மதியாக இருந்தது. பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதற்கு அடி கொடுக்காமல் விட முடியாது என்பதில் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அடித்த பிறகு யாரோடு உட்கார்ந்து என்ன பேசப்போகிறோம் என்று யோசித்து வைத்திருந்தார்களா என்பதுதான் என் கேள்வி. அது இல்லாமல் ஐந்தாவது நாளும் ஆறாவது நாளும் அடித்து என்ன ஆகப்போகிறது? உன் இரண்டு பக்கத்தில் அதற்குப் பதில் தேடினேன், இல்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்த நாட்களைப் பற்றி இத்தனை வருஷத்தில் நீ ஒரு வரிகூட எனக்கு எழுதியதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மற்றவர்களிடம் சொல்லமாட்டேன்.

பொங்கல் கழிந்து வருவதாக இருந்தால் மேட்டுப்பாளையத்தில் இறங்கி நேராகக் கோத்தகிரி பஸ்ஸைப் பிடி. குன்னூர் வழியாக வந்தால் டூரிஸ்ட் கூட்டத்தில் மாட்டிக்கொள்வாய். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. டஸ்ட் டீ இரண்டு கிலோ உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
செல்வம்