ஆண்டறிக்கை 2024–25: தேங்காயும் மட்டையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் நம் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்களில் ஒன்று மட்டும் மழையால் தள்ளிப்போனது. நாற்காலிகள் வந்துவிட்டன, கூரை ஒழுகலையும் அடைத்தாயிற்று. இந்த ஆண்டில் நம்மை அதிகம் பேச வைத்தது வேறொன்று. அதற்கே வருகிறேன்.

ஜூன் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே நேரத்தில்தான் விழும் என்று படித்ததைச் சொன்னாள். தென்னந்தோப்பு வைத்திருக்கும் நம் பெரியவர் உடனே எழுந்தார். “அறுபது வருஷமா தோப்புல இருக்கேம்மா. தேங்காய் விழற வேகத்துல காஞ்ச மட்டை விழுந்து நான் பார்த்ததே இல்ல” என்றார். பிள்ளை புத்தகத்தைக் காட்டினாள், அவர் தோப்பைக் காட்டினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. போட்டுப் பார்த்துவிடலாம் என்று தீர்மானம் போட்டோம்.

ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் பந்துகள் வாங்கினோம். ஒன்றில் ஓட்டை போட்டு, பாலாற்று மணலை நனைத்து அடைத்து, எம்-சீல் வைத்து மூடினோம். வெறும் பந்து 20 கிராம், மணல் பந்து சுமார் 300 கிராம். உறுப்பினர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தரை வரை 10 மீட்டர். கீழே கயிறு கட்டி, யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டோம். முதல் ஞாயிறு ஆடி மாதத்தில் வந்தது. அம்மியே பறக்கிற காற்றில் வெறும் பந்து பக்கத்து வீட்டுக் கொல்லையில் போய் விழுந்தது. ஆவணி வரை காத்திருந்தோம்.

காற்று அடங்கிய பிறகு, முதலில் நெஞ்சு உயரத்திலிருந்து போட்டோம். இரண்டும் ஒரே சத்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் மாடியிலிருந்து போட்டோம். ‘டப்’ என்று ஒரு சத்தம், சற்றே பிந்தி இன்னொரு சத்தம். செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்ததை ஓட்டிப் பார்த்தால், மணல் பந்து தரையைத் தொடும்போது வெறும் பந்து இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை, மீசையைத் தடவிக்கொண்டார்.

ஓய்வு பெற்ற நம் இயற்பியல் ஆசிரியை அதன் பிறகு சொன்னதை இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன். மணல் பந்தைப் பூமி பதினைந்து மடங்கு பலமாக இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அதை நகர்த்துவதும் பதினைந்து மடங்கு சிரமம். அதனால் காற்று இல்லாவிட்டால் இரண்டின் வேகமும் ஒன்றுபோலவே, நொடிக்கு நொடி 9.8 மீட்டர் கூடும். காற்று வந்ததும் கணக்கு மாறுகிறது. ஒரே அளவு, ஒரே வேகம் என்றால் இரண்டு பந்தையும் காற்று ஒரே அளவுதான் தடுக்கும். தரையை நெருங்கும்போது அந்தத் தடை வெறும் பந்தின் எடையில் பாதி அளவுக்கு வந்துவிடுகிறது. மணல் பந்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நெஞ்சு உயரத்தில் வேகம் குறைவு என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆக, பிள்ளை படித்ததும் சரி, பெரியவர் பார்த்ததும் சரி. ‘எடைக்கு வேலையே இல்லை’ என்று பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பது காற்றுள்ள ஊருக்குப் பொருந்தாது. இதைக் கலிலியோவே அறிந்திருந்தார். 1638இல் வெளியான தம் நூலில், பெரிய குண்டு சின்னக் குண்டை இரண்டு விரற்கடை முந்தும் என்று ஒப்புக்கொண்டுதான், எடை எத்தனை மடங்கோ வேகமும் அத்தனை மடங்கு என்ற அரிஸ்டாட்டிலை மறுத்தார். காற்றில்லாத நிலவில் 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாகப் போட்டார். இரண்டும் சேர்ந்தே விழுந்தன. அந்த வீடியோவை அக்டோபர் கூட்டத்தில் மூன்று முறை ஓட்டச் சொன்னவர் நம் பெரியவர்தான்.

கேக் சுடும் காகிதக் கிண்ணங்களை வைத்துச் செய்ததும் எனக்குப் பிடித்திருந்தது. ஒற்றைக் கிண்ணத்தை ஒரு மீட்டரிலிருந்தும், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய நான்கை இரண்டு மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விட்டால் ஏறத்தாழ ஒன்றாகவே தரை தொடுகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது என்பதைப் பிள்ளைகள் கையாலேயே கண்டுபிடித்தார்கள். மழைத்துளி நம் தலையைத் துளைக்காததும் இதனால்தான். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுந்தால் அது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும். பெரிய துளிகூட 30 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டுவதோடு சரி.

வரும் ஆண்டில் எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் விதையையும் ஆயா மரத்தின் சிறகு விதையையும் இதேபோல் விட்டுப் பார்க்கப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கியைக் காண ஒரு நாள் பயணத்துக்கும் செயற்குழு ஒப்புதல் தந்துள்ளது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் இறகும் நாணயமும் சேர்ந்து விழுவதை நேரில் பார்க்க ஆசை. அதற்கான பம்ப் யாரிடமாவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்து உதவுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்