ஆர்.சி.யில் ஒரு வரி: மோட்டார் வாகன விதிகளை எழுதுவோருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கொடைக்கானல் பக்கம் தாண்டிக்குடி மலையில் காபியும் மிளகும் மலைவாழையும் போட்டிருக்கும் ஒரு விவசாயி எழுதுகிறேன். சென்ற மாதம் என் ஜீப்பின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கக் கீழே இறங்கி வந்தேன். 2000-ஆம் ஆண்டு மஹிந்திரா, 2,523 சிசி டி.ஐ. டீசல் எஞ்சின், நான்கு சக்கர இழுவை. புகைச் சோதனையில் பாஸ். பிரேக், லைட், ஹாரன் எல்லாம் பாஸ். கடைசியாக ஆய்வாளர் பானெட்டைத் தூக்கினார். "இது கம்பெனி ஐட்டம் இல்லையே சார்" என்றார். அவர் விரல் நீட்டிய இடத்தில் இருந்தது, இரண்டு வருடங்களுக்கு முன் நான் வைத்த டர்போ, எஞ்சினுக்குக் கூடுதல் காற்று கொடுக்கிற கருவி.

அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் போட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் இடம் இருக்கிறது என்பதை நினைவூட்டிவிட்டு, அதைப் போடாமல் விட்டார். கழற்றிவிட்டு வரச் சொன்னார். நான் கழற்றினேன், ஆர்.சி. கிடைத்தது. அவர் சொன்ன இன்னொரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்: "நீங்க சொல்றது புரியுது சார். ஆனா இதுக்கு அனுமதி கொடுக்க எங்ககிட்ட ஒரு ஃபாரமே கிடையாது."

வண்டியை மாற்றியமைப்பது பற்றிய, அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது. சரி. ஆனால் என் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண், சேஸிஸ் எண், சிசி, சிலிண்டர், எரிபொருள். டர்போ வைத்த நாளிலும் இதில் ஓர் எழுத்து மாறவில்லை. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூட்டுக் காற்றை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதைக்கொண்டு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் அது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. நேற்று முளைத்த வேடிக்கை அல்ல. என் ஜீப்பைச் செய்த அதே கம்பெனியே பின்னாளில் 2,523 சிசி டி.ஐ. எஞ்சினை டர்போவோடு பொலேரோவில் வைத்து விற்றது.

இதெல்லாம் எதற்கு, இருக்கிற வண்டியை இருக்கிறபடி ஓட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டம் ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. வெறும் ஜீப் இறங்கும், நிறை ஜீப் ஏறும். மலைத் தோட்டக்காரன் தலையெழுத்து அது. நான்கு கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஒரு வளைவு, வளைவிலேயே ஏற்றம். அந்த இடத்தில் ஒரு தட்டைப் பாறை கிடக்கிறது. அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் இறக்குப்பாறை. பன்னிரண்டு மூட்டை ஏற்றினால் லோ கியரில் போட்டாலும் ஜீப் அங்கே மூச்சை விட்டுவிடும். ஆறு மூட்டையைப் பாறை மேல் இறக்கி வைக்க வேண்டும். மீதி ஆறோடு மேலே போய் ரோட்டோரம் இறக்கிவிட்டு, திரும்பி வந்து, பாறையில் இருப்பதை மறுபடி ஏற்ற வேண்டும். மூட்டைக்கு ஐம்பது கிலோ. ஏற்றுக்கூலி இரண்டு முறை, டீசல் இரண்டு முறை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டால், உலர்த்திக் கட்டிய காபி பாறையிலேயே நனையும். என் அப்பா காலத்திலிருந்து அந்தப் பாறையில் உட்கார்ந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள் ஒருவர் எப்போதும் உண்டு. இப்போது அந்த வேலை என் மனைவிக்கு.

டர்போ வைத்த இரண்டு வருடங்கள் அந்தப் பாறையில் யாரும் உட்காரவில்லை. பன்னிரண்டு மூட்டையோடு செகண்ட் கியரில் ஜீப் அதைக் கடந்துபோனது. முதல் தடவை கடந்தபோது பின்னால் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள்.

காரணம் ரகசியமல்ல. மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. கொடைக்கானல் உயரமான 2,100 மீட்டரில் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எங்கள் உயரத்தில் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. பழைய டீசல் பம்புக்கு இது தெரியாது. கீழே ஊற்றுகிற அதே அளவு டீசலை மேலேயும் ஊற்றும். எரியக் காற்று போதாமல் மிச்சம் கரும்புகையாக வெளியே வரும். டர்போ அந்தக் குறையைத்தான் நிரப்பியது.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது ஐயா. என் ஜீப்பைப் போன்ற வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தி, அதை அளக்கும் எச்.எஸ்.யூ. கணக்கில் 65-ஐத் தாண்டக்கூடாது. நீங்கள் அதை அளப்பது கீழே, காற்று தாராளமாக இருக்கிற இடத்தில். அங்கே டர்போ இருந்தாலும் பாஸ், இல்லாவிட்டாலும் பாஸ். டர்போ இல்லாத ஜீப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முகத்தில் புகையை ஊதுவது மேலே, மெஷின் ஏறி வராத இடத்தில். புகையைக் குறைத்த பொருளைக் கழற்றி, புகைகிற வண்டியாக்கிக் கொண்டுவந்த பிறகு, சுற்றுச்சூழலுக்காக என்று பசுமை வரியையும் வாங்கிக்கொண்டீர்கள். ரசீது பத்திரமாக இருக்கிறது.

டர்போ வைக்கிற எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. பம்ப் ஸ்க்ரூவைக் கண்டபடி திருகி, ஹெட் கேஸ்கெட்டை ஊதவைத்து, ஊரெல்லாம் கருக்கிக்கொண்டு போகிற பையன்களை எனக்கும் தெரியும். அவர்களைப் பிடியுங்கள். எனக்கு வைத்துக்கொடுத்த வத்தலக்குண்டு மெக்கானிக் அண்ணன் காற்றழுத்தத்தை ஏழு பி.எஸ்.ஐ.யோடு நிறுத்தினார். பம்பை அநேகமாகத் தொடவே இல்லை. சைலன்சர் சூட்டைக் காட்ட ஒரு மீட்டர் வைத்து, முள் 650 டிகிரியைத் தாண்டினால் காலை எடுக்கச் சொன்னார். நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடச் சொன்னார், டர்போவின் எண்ணெய் கருகக்கூடாதாம். இதில் எதையுமே உங்கள் ஆட்கள் சோதித்துப் பார்த்திருக்கலாம். சோதிக்கத்தான் வழியில்லை. வைத்திருக்கிறாயா, குற்றம்.

எரிவாயு கிட் பொருத்தினால் ஆர்.சி.யில் எழுதித் தருகிறீர்கள். பழைய வண்டியை மின்சார வண்டியாக மாற்றவும் அங்கீகரித்த கிட்டுக்கு விதி வைத்திருக்கிறீர்கள். எஞ்சினையே பிடுங்கிப் போட விதி இருக்கிறது, அதே எஞ்சினுக்குக் காற்று கொடுக்க விதி இல்லை. நான் கேட்பது அதுபோல் ஒன்றுதான். எந்த எஞ்சினுக்கு எந்த டர்போ, எவ்வளவு அழுத்தம் என்று புனேயில் இருக்கிற வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. சோதித்துச் சொல்லட்டும். கட்டணம் வாங்குங்கள். புகையை அளக்க மெஷினை மலைக்கும் கொண்டுவாருங்கள். பிறகு ஆர்.சி.யில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

கட்டணம் கொடுக்க நாங்கள் முகம் சுளித்ததில்லை. 2022 ஏப்ரலில் கார், ஜீப்புக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆக்கினீர்கள், கட்டினோம். புது ஜீப் வாங்கேன் என்கிறார்கள். நான்கு சக்கர இழுவையோடு வாங்கப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். காபி விலை ஒரு வருஷம் ஏறியதைப் பேப்பரில் பார்த்துவிட்டு எல்லோரும் எங்களுக்கு யோசனை சொல்கிறார்கள். அப்புறம், விடுமுறை நாளில் கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கும் எல்.இ.டி. விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசையாக ஏறுகிற பெரிய வண்டிகளை யாரும் நிறுத்தி பானெட்டைத் தூக்கச் சொன்னதாக நான் பார்த்ததில்லை. அந்த மண்பாதைக்குத் தார் போட்டிருந்தால் எனக்கு டர்போவே தேவைப்பட்டிருக்காது என்பதும் உண்மை. அது வேறு துறை என்பீர்கள். தெரியும், அவர்களுக்கும் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன், பதினோரு வருடமாக.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய டர்போ, எண்ணெய்க் குழாய், மேனிஃபோல்டு மூன்றையும் துடைத்து, சாக்கில் சுற்றி, காபிக் கிடங்கில் வைத்திருக்கிறேன். டிசம்பரில் அறுவடை தொடங்குகிறது. இறக்குப்பாறையில் பிடிக்கப் புதுத் தார்ப்பாய் வாங்கியாகிவிட்டது. இந்த அறுவடைக்குள் விதி வராது என்று எனக்குத் தெரியும். அடுத்த அறுவடைக்குள்ளாவது சோதித்துப் பார்த்து, ஆர்.சி.யில் அந்த ஒரு வரியை எழுதித் தர வழிசெய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாண்டிக்குடி மலையிலிருந்து ஒரு காபி விவசாயி