சம்பில் எவ்வளவு இடம் மிச்சம்?

தூத்துக்குடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கடல்மீன் தொட்டிக்காக நீ வரைந்து அனுப்பிய குழாய்ப் படத்தை இரண்டு நாளாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொட்டியின் அளவில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. நீரை மேலே கொண்டுவரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருப்பதும், வடிகுழாய் ஒன்றே ஒன்றாக இருப்பதும்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நீ குடியிருப்பது மூன்றாவது மாடி என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படி.

நம் வீட்டில் கீழே சம்பு, மேலே தொட்டி, நடுவில் மோட்டார் இருப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இதுவும். வீட்டு மேல்தொட்டி என்றைக்காவது ஒருநாள் மறதியில் நிரம்பி வழியும். மீன்தொட்டியோ இரவும் பகலும் வழிந்துகொண்டே இருக்க வேண்டும். வழிந்த நீர் வடிகுழாய் வழியாகச் சம்பில் இறங்கி, நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைக் கடந்து, மோட்டார் வழியாக மறுபடியும் மேலே ஏறுகிறது. மின்சாரம் போனால் மோட்டார் நின்றுவிடும், ஆனால் நீர் நிற்காது. மேலேற்றிய அதே குழாய் சைஃபனாக மாறி, தன் வாய் காற்றைத் தொடும் வரை தொட்டி நீரைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள உன் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயர நீர் என்பது 5.4 லிட்டர், ஆகவே பத்து சென்டிமீட்டருக்கு 54 லிட்டர். உன் சம்பு 75க்கு 40 என்பதால் அங்கே ஒரு சென்டிமீட்டர் என்பது 3 லிட்டர்தான். 54 லிட்டர் இறங்கினால் மட்டம் 18 சென்டிமீட்டர் உயரும். படத்தில் நீ காலியாக விட்டிருப்பது 12 சென்டிமீட்டர். மீதி 18 லிட்டர் உப்புநீர் உன் தரைக்கும், அங்கிருந்து கீழ்வீட்டுக் கூரைக்கும் போகும். குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே உயர்த்தி வைத்தால், அந்த வழியாக இறங்குவது 11 லிட்டருக்குள் அடங்கிவிடும்.

நீரைத் திரும்பி இறங்கவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டால் போதாதா என்று நீ கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். என் முதல் தொட்டியில் ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்த வால்வு, ஐப்பசி மழையில் மின்சாரம் போன ஓர் இரவில் மூடிக்கொள்ளவில்லை. விடிந்து பார்த்தால் கூடமெல்லாம் உப்புநீர். உன் அம்மா அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். வால்வைக் கழற்றியபோது, கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு நத்தை ஓடு அதன் மடலின் கீழ் சிக்கியிருந்தது. சுற்றிலும் சிறு புழுக்கள் சுண்ணாம்புக் குழல்களைக் கட்டிக் குடியிருந்தன. கடல்நீர் ஓடும் குழாய்க்குள் உயிர்கள் வந்து ஒட்டத்தான் செய்யும். அந்த வால்வைப் போடுவதானால் போடு, ஆனால் அது இல்லை என்று எண்ணியே கணக்கிடு.

இனி வடிகுழாய். ஒற்றைக் குழாயில் நீரும் காற்றும் கலந்து இறங்கினால் இரவெல்லாம் களகளவென்று சத்தம் வரும். அது ஒருநாள் அடைத்துக்கொண்டால், மோட்டார் ஏற்றுகிற நீருக்குத் தொட்டியின் விளிம்பைத் தவிர வேறு வழி இராது. ஆகவே இரண்டு குழாய்கள் வை. ஒரு அங்குலக் குழாயில் கேட் வால்வு வைத்து, காற்றுப் புகாமல் முழுக்க நீரே ஓடும்படி அதைத் திருகிச் சரிசெய், சத்தமே இராது. ஒன்றேகால் அங்குலத்தில் இரண்டாவது குழாயை, அதன் வாய் முதல் குழாயின் வாயைவிடச் சில சென்டிமீட்டர் உயரமாக இருக்கும்படி, வால்வு ஏதுமின்றி, வெறுமனே நிற்கவிடு. முதல் குழாய் அடைத்த நாளில் அதுதான் உன் வீட்டைக் காப்பாற்றும். மீன்தொட்டி வளர்ப்பவர்கள் இதை ஹெர்பி முறை என்பார்கள். முதல் குழாயின் கீழ்முனை சம்பு நீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் மூழ்கியிருக்கட்டும். அதிகம் மூழ்கினால், மின்சாரம் திரும்பி வரும்போது உள்ளே நிற்கும் காற்று வெளியேற முடியாமல் திணறும். பால் வால்வு இதற்கு உதவாது; சற்றுத் திருப்பினாலே ஓட்டம் வெகுவாக மாறிவிடும். கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பித்தளையை எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதே. பித்தளையில் செம்பு இருக்கிறது. கடல்நீரில் கரையும் சிறிதளவு செம்பே இறாலையும் கடல் சாமந்தியையும் கொன்றுவிடும். பி.வி.சி.யிலேயே தேடி வாங்கு.

மோட்டாரைப் பொறுத்தவரை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு உயரமே இல்லாத நிலைக்கானது. ஒன்றரை மீட்டர் ஏறி, நான்கு எல்போக்களில் திரும்பும் நீர் அதைவிட வெகுவாகக் குறையும். உன் 270 லிட்டர் தொட்டிக்குச் சம்பு வழியாக மணிக்கு 1350 லிட்டர் சுற்றினால் போதும். தொட்டிக்குள் அலை வேண்டுமானால் அதற்குத் தனியாக வேவ்மேக்கர் வை. மோட்டாருக்கு அருகே, குழாயை அறுக்காமல் திருகிக் கழற்றக்கூடிய யூனியன் இணைப்பு ஒன்று போட மறவாதே, கழுவுவதற்குக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆவியாகிற நீருக்கு ஈடாக நன்னீர் ஊற்றும்போதும் கவனம் தேவை. ஆர்வத்தில் சம்பை நிறைத்துவிட்டால், கணக்கிட்டு விட்ட காலி இடம் போய்விடும். ஓடும்போது மட்டம் எதைத் தாண்டக் கூடாதோ, அங்கே கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவை.

குழாய்களைச் சால்வென்ட் சிமென்ட் என்னும் பி.வி.சி. பசையால் ஒட்டி ஒரு நாள் முழுதும் காயவிட்டபின், வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓடவிடு. பிறகு நீயே சுவிட்சை அணைத்து, சம்பில் நீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார். அடுத்து, சுவிட்சைப் போட்டு, முதல் வடிகுழாயின் வாயைக் கையால் அடைத்து, இரண்டாவது தாங்குகிறதா என்று பார். இரண்டையும் மூன்று முறை செய்து, சம்பின் விளிம்புக்கு எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் என்று அளந்து எனக்கு எழுது. என் பதில் வந்தபின் உப்பு வாங்கலாம்.

அன்புடன்,
அப்பா